குழிந்த மார்பு நிமிருமா?



உடற்குறைகளுள் சில வெளியே தெரியும்; காண்போர் இரங்குவர். சில சட்டைக்குள் மறைந்து கிடக்கும். அவற்றுக்கு இரங்குவாரும் இலர், வைத்தியம் சொல்வாரும் இலர். நெஞ்சின் நடு எலும்பு உள்நோக்கி அமுங்கி, அவ்விடத்தில் பள்ளம் விழுந்திருக்கும் குறை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ‘பெக்டஸ் எக்ஸ்கவேட்டம்’ என்னும் இலத்தீன் பெயரால் மருத்துவர் இதனை அழைப்பர். குடைந்தெடுக்கப்பட்ட மார்பு என்று பொருள். ஏறத்தாழ 300 முதல் 400 குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இது காணப்படுவதாகவும், பெண் பிள்ளைகளைக் காட்டிலும் ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு மிகுதி என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவ்வாறாயின் உங்கள் மஹல்லாவில் ஜும்ஆவுக்குக் கூடும் கூட்டத்தில் ஓரிருவரேனும் இக்குறையைப் பனியனுக்குள் மறைத்துக்கொண்டு ஸஃப்பில் நின்றிருக்கக்கூடும். நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள்.

அவ்வாறு நின்றவர்களுள் நானும் ஒருவன். மருத்துவம் கற்றவன் அல்லேன். கல்லூரியில் வரலாறு பயின்று பட்டம் பெற்று, பின்னர் மதரஸாவில் சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வருபவன். 2016-ஆம் ஆண்டில், என் 37-ஆம் வயதில், என் மார்புக்குள் இரண்டு எஃகுப் பட்டைகள் வைக்கப்பட்டன. 2019-ல் அவை வெளியே எடுக்கப்பட்டன. ‘பாதி ஆயுள் போய்விட்டது, இனி நெஞ்சு நிமிர்ந்து என்ன ஆகப்போகிறது?’ என்று அன்று என்னைக் கேட்காத உறவினர் இல்லை. இக்குறையுள்ள இளைஞர் எவரேனும் இன்று என்னைத் தேடி வந்தால், உடன் வரும் வீட்டாரும் ஏறக்குறைய இதையேதான் கேட்கின்றனர். நான் அறிந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

நம் மார்புக்கூட்டின் முன்புறத்தில், நடுவே ஒரு தட்டையான எலும்பு இருக்கிறது. விலா எலும்புகள் இருபுறமிருந்தும் அதனை நோக்கி வருகின்றன. ஆயினும் நேராகச் சென்று அதனோடு ஒட்டுவதில்லை. இடையே குருத்தெலும்பு உள்ளது. மூச்சை இழுக்கையில் மார்பு விரிந்து கொடுப்பது அக்குருத்தெலும்பின் நெகிழ்ச்சியால்தான். இக்குறையில் அந்தக் குருத்தெலும்புகள் முறை தவறி வளர்ந்து, நடு எலும்பை முதுகை நோக்கித் தள்ளிவிடுகின்றன. குழந்தைப் பருவத்தில் சிறு பள்ளமாக இருப்பது, பையன் கிடுகிடுவென உயரும் பருவத்தில் ஆழ்ந்துவிடும். ஏன் இவ்வாறு வளர்கிறது என்பது இன்றளவும் திட்டமாக நிறுவப்படவில்லை. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ‘மார்ஃபான்’ என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களிடம் இது மிகுதி. ஆகவே பிள்ளை அளவு மீறி உயர்ந்து, கைவிரல்களும் நீண்டு இருந்தால், மருத்துவர் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் சேர்த்தே சோதிப்பார்.

ஜெர்மானியர் ஒரு காலத்தில் இதனைச் ‘செருப்புத் தைப்பவரின் மார்பு’ என்றழைத்தனர். தொழிலால் வந்த குறை என்று எண்ணியிருக்கின்றனர். எங்கள் வீட்டில் பழி வேறிடத்தில் விழுந்தது. உம்மா என்னைத் தொட்டிலில் குப்புறப் போட்டுத் தூங்க வைத்ததால்தான் நெஞ்சு அமுங்கிற்று என்பது வாப்பும்மாவின் முடிவு. என்னை மல்லாக்கக் கிடத்தி, நல்லெண்ணெய் தடவி, பள்ளத்தின் ஓரங்களை விரலால் மேல்நோக்கி நீவி விடுவார்கள். ஊரில் யாருக்கேனும் பிள்ளை பிறந்தால், ‘இவளைப் போல் குப்புறப் போட்டுவிடாதே’ என்று உம்மாவை வைத்துக்கொண்டே சொல்வார்கள். உம்மா மௌத்தாகும் வரை அந்தச் சொல்லைச் சுமந்தார்கள். அதில் அணுவளவும் உண்மை இல்லை. படுக்க வைத்த முறையாலோ, தூக்கிய முறையாலோ, கர்ப்பத்தில் உண்ட உணவாலோ இக்குறை வருவதில்லை. இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் தாய்மார்கள் இதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி, இக்குறை உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் இருக்க வேண்டிய இதயம் இடம் போதாமல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. அதன் வலப்புறக் கீழறை, எலும்புக்கு நேர் பின்னால் இருப்பதால், அமுக்கப்படுகிறது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தோன்றாது. படியேறும்போதும் ஓடும்போதும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த இரத்தத்தை வாங்கி மிகுந்த இரத்தத்தை அனுப்ப வேண்டும். அமுங்கிய அறை போதிய அளவு விரிய முடிவதில்லை. ஆகவே துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடு செய்ய முயல்கிறது. படபடப்பும் மூச்சிரைப்பும் அதனால் வருபவை. நுரையீரலின் கொள்ளளவும் சிலருக்குச் சற்றுக் குறையும்.

என் தொழிலுக்கு மூச்சே முதல். திருக்குர்ஆனைத் தஜ்வீத் முறைப்படி ஓதுகையில் எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தலாகாது என்பதற்கு வக்ஃபு விதிகள் உள்ளன. பொருள் முறியும் இடத்தில் மூச்சு முறிந்துவிட்டால், பின்னால் சென்று பொருத்தமான இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். 25 வயதில் ஒரே மூச்சில் ஓதிய வசனங்களை 35 வயதில் இரண்டாக உடைத்து ஓதினேன். ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழ வைக்கையில், ஒவ்வொரு ஸலாமுக்குப் பின்னும் மிஹ்ராபின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவேன். எங்கள் மதரஸாவின் ஹிஃப்ழ் வகுப்பு மாடியில் நடக்கிறது, 54 படிகள். இரண்டு இடங்களில் நின்று, யாரேனும் பார்த்தால் சட்டைப் பையில் எதையோ தேடுவது போல் இருந்துவிட்டு ஏறுவேன்.

வயது ஏறுகையில் தொல்லை கூடுவது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. பள்ளம் ஆழமாவதால் அப்படி நேர்வதில்லை. இளமையில் மார்புக்கூடு நெகிழ்வாக இருந்து, பக்கவாட்டில் விரிந்து ஈடு கொடுக்கிறது. முப்பதைக் கடந்தபின் குருத்தெலும்பு இறுகுகிறது; அந்த ஈடும் போய்விடுகிறது. ‘இத்தனை ஆண்டு ஓடியாடினாயே, இப்போது மட்டும் என்ன?’ என்போருக்கு விடை இதுதான்.

என் 15-ஆம் வயதில் வாப்பா என்னை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். ‘சதை போட்டால் பள்ளம் தெரியாது’ என்று சொல்லி, ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார். கல்லூரி நாளில் மற்றொருவர், ‘இது வெறும் அழகுக் குறை’ என்றார். இருவரும் என் நெஞ்சை ஸ்டெதஸ்கோப்பால் தொட்டார்களே தவிர, எக்கோ எடுக்கவோ, என்னை ஓடவிட்டுப் பார்க்கவோ இல்லை. ஆற்றங்கரையிலும் பள்ளியின் ஹவ்ளிலும் சட்டையைக் கழற்றாத பையனாகவே வளர்ந்தேன். நிக்காஹ் பேசும்போது பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று காக்கா உறுதியாக நின்று, தாமே சென்று சொல்லி வந்தார்கள். அவர்கள் சிரித்துவிட்டுச் சம்மதித்தனர். பின்னாளில் என் இளைய மகள், நான் படுத்திருக்கும்போது அந்தப் பள்ளத்தில் கோலிக்குண்டை வைத்து, அது இதயத் துடிப்புக்கு ஆடுவதைப் பார்த்து மகிழ்வாள். விளையாட்டாகத் தோன்றிய அந்த ஆட்டத்தை ஒரு நாள் உற்றுப் பார்த்த என் மனைவிதான், இதயம் இவ்வளவு மேலே, எலும்பை இடித்துக்கொண்டா இருக்கும் என்று கேட்டு, என்னைச் சென்னைக்குப் புறப்பட வைத்தவர்.

அங்கே எடுத்த சி.டி. ஸ்கேனில் முதன்முறையாக என் மார்பு அளக்கப்பட்டது. 1987-ல் ஹாலர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவர் தோழர்களும் வகுத்த அளவுமுறை அது. மார்பின் உட்புற அகலத்தை, நெஞ்செலும்பின் பின்பக்கத்துக்கும் முதுகெலும்பின் முன்பக்கத்துக்கும் இடைப்பட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். இயல்பான மார்பில் ஏறக்குறைய 2.5 வரும். 3.25-க்கு மேற்பட்டால் கடுமையானது என்பர். எனக்கு அகலம் 26 சென்டிமீட்டர். ஆழம் 6 சென்டிமீட்டர். விடை 4.3. மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவே இடம்! எக்கோவில் வலக் கீழறை அமுங்கியிருப்பது தெரிந்தது. முகமூடி மாட்டி ஓட வைத்த சோதனையில், என் வயதினர் எட்ட வேண்டிய அளவை நான் எட்டவில்லை.

எனினும் அந்த 3.25 என்னும் எண்ணை விதியாகக் கொள்ள வேண்டா. அதற்கு மேல் வந்தும் எந்தத் தொல்லையும் இன்றிப் பந்தாடித் திரிவோர் உண்டு. அவர்களுக்குக் கத்தி தேவையில்லை. எண்ணும், இதயத்தின் நிலையும், அன்றாட வாழ்வில் படும் சிரமமும் ஒன்றையொன்று ஒத்துச் சொன்னால்தான் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

வரலாறு படித்தவன் ஆதலின், இந்த அறுவையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இக்குறையைப் பற்றிய குறிப்பு 1594-லேயே ஐரோப்பிய மருத்துவ எழுத்தில் உள்ளது. கத்தி வைக்க மேலும் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கி ஆள் இறந்துபோவார் என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த இடரைக் கடக்க வழி கண்டவர்களுள் முன்னோடியான ஸாவர்புரூக் என்னும் ஜெர்மன் மருத்துவர், 1913-ல் ஓர் இளைஞனுக்கு இக்குறையை அறுவையால் சீர்செய்தார். அவ்விளைஞன் தன் தந்தையின் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்ய இயலாதபடி மூச்சிரைப்பாலும் படபடப்பாலும் முடங்கிக் கிடந்தவன். மூன்றாண்டுகள் கழித்து நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் களைப்பின்றி உழைத்தான் என்று பதிவாகியுள்ளது. கவனியுங்கள்: இவ்வறுவையின் தொடக்க நாள்களிலேயே நோயாளி தேடி வந்தது உழைக்கும் வலுவை. அழகுக் குறை என்னும் பெயர் எப்படியோ பின்னர் ஒட்டிக்கொண்டது.

1949-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மார்க் ராவிச் என்பவர், முறை தவறிய குருத்தெலும்புகளை வெட்டி அகற்றி, நெஞ்செலும்பைக் குறுக்கே பிளந்து நிமிர்த்தும் முறையை வெளியிட்டார். மார்பின் முன்புறத்தைத் திறந்து செய்யும் பெரிய அறுவை அது. பல்லாண்டு அதுவே வழியாக இருந்தது. இன்றும் சிலருக்கு அது தேவைப்படுகிறது. ஆனால் மிகச் சிறு வயதிலேயே குருத்தெலும்பை அளவுக்கு மிஞ்சி அகற்றியதால், குழந்தைகள் சிலரின் மார்புக்கூடு வளராமல் குறுகிப் போயிற்று. மேலே சொன்ன அதே ஹாலர்தான் 1996-ல் இதனை எடுத்துரைத்து எச்சரித்தார். பிள்ளைக்கு மூன்று நான்கு வயதிலேயே அறுவை செய்துவிட வேண்டும் என்று துடிக்கும் பெற்றோர் இதையும் அறிந்திருத்தல் நலம்.

டொனால்ட் நஸ் என்னும் மருத்துவர் வந்த வழி வேறு. வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியவர். பல் வரிசையைக் கம்பி கட்டித் திருத்துகிறோம். வளைந்த முதுகையும் கோணிய பாதத்தையும் பட்டை கட்டி நேராக்குகிறோம். நெகிழ்ந்த குருத்தெலும்பை மட்டும் ஏன் வெட்டி எறிய வேண்டும் என்று எண்ணினார். அவர் எண்ணத்துக்குத் துணை நின்றது மற்றொரு காட்சி. நெடுநாள் புகைத்து நுரையீரல் கெட்ட முதியவர்களின் மார்பு பீப்பாய்போல் முன்தள்ளி உருண்டுவிடும். நம் ஊர்த் திண்ணைகளிலும் கண்டிருப்பீர்கள். யாரும் வெட்டாமலேயே வயதானவர்களின் மார்புக்கூடு உருமாறுமாயின், உள்ளிருந்து தாங்கு கொடுத்து அதனை நல்ல உருவுக்கும் மாற்றலாம் அன்றோ! 1987-ல் தொடங்கிப் பத்தாண்டுகள் செய்து பார்த்து, 42 பிள்ளைகளின் விவரத்தோடு 1998-ல் கட்டுரை வெளியிட்டார். அனைவரும் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். முதியவர் மார்பைப் பார்த்துப் பிறந்த யோசனையின் பயன் சிறுவர்க்கே முதலில் கிட்டியது ஒரு விந்தை. வளர்ந்தவர்களின் எலும்பு வளையாது என்றே பலரும் நம்பினர். பின்னர்தான், ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு மூன்று பட்டைகள் வைத்து, நெஞ்செலும்பை வெளியிலிருந்து கொக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு செய்யும் மாற்றங்கள் வந்தன. அரிசோனாவிலுள்ள மேயோ கிளினிக்கில் 30 வயதைக் கடந்தோர் பலருக்கு இம்முறையில் அறுவை நடந்திருக்கிறது. 50-ஐக் கடந்தோரும் அவர்களுள் உண்டு.

இதற்கு எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை, போதிய சான்று இல்லை என்று கூறி, 2019-ல் இவ்வறுவைக்கு வழக்கமாகப் பணம் ஒதுக்குவதை நிறுத்தியது. பின்னர் மிகமிகக் கடுமையான நிலையில் உள்ளோருக்கு மட்டும் வழி திறந்தது. என் உடம்பில் கண்டதை வைத்து அவர்களோடு வழக்காட நான் முற்படவில்லை. பொதுப் பணத்தைச் செலவிடுவோர் சான்று கேட்பது முறையே. ஆனால் சான்று போதவில்லை என்பதும், குறையே இல்லை என்பதும் ஒன்றாகிவிடா.

மார்க்கம் அறிந்த நண்பர் ஒருவர் வேறு கேள்வி எழுப்பினார். அல்லாஹ் படைத்த உருவை மாற்றலாமா என்பது அது. நியாயமான கேள்வி. அழகுக்காகப் பல்லை இடைவெளி விட்டு அராவிக்கொள்வோரைக் கண்டிக்கும் ஹதீஸை விளக்குகையில், இமாம் நவவி (ரஹ்) அவர்கள், சிகிச்சைக்காகவோ குறை நீக்கவோ செய்தால் குற்றமில்லை என்று எழுதியுள்ளார்கள். 2007-ல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், பிறவிக் குறையைச் சீர்செய்யும் அறுவைக்கு அனுமதி உண்டு என்றே முடிவு செய்தது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக என் மனத்தில் நின்றவர் அர்ஃபஜா (ரலி) அவர்கள். போரில் மூக்கு அறுபட்ட அந்த ஸஹாபி வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தியிருந்தார். அது நாற்றமெடுத்தபோது பொன்னால் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்களே பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும்! நண்பர் அதன்பின் வாதிக்கவில்லை. என் நெஞ்சில் வைக்கப் போவது வெறும் எஃகுதானே என்று சிரித்தார். சிலிக்கான் அச்சு ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துப் பள்ளத்தை நிரப்பும் முறையும் உண்டு. அது வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றும். இதயத்தின் மீதுள்ள அமுக்கம் அப்படியே இருக்கும். எனக்கு அதில் நாட்டம் இருக்கவில்லை.

செலவுக்குக் காக்கா துபாயிலிருந்து அனுப்பியதும், உறவினர் ஒருவர் தந்த கர்ளுன் ஹஸனாவும் உதவின. அந்தப் பணத்துக்கு மகளுக்கு நகை எடுத்து வைக்கலாமே என்றும் சிலர் சொன்னார்கள்.

அறுவையைப் பற்றிச் சொல்கிறேன். அக்குளுக்குக் கீழே இருபுறமும் சிறு கீறல்கள். ஒரு கீறல் வழியாகக் கேமரா உள்ளே செல்லும். நெஞ்செலும்பைக் கொக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எலும்புக்கும் இதயத்துக்கும் நடுவேயுள்ள நூலிழை இடைவெளியில் ஒரு நீண்ட வளைகருவியைச் செலுத்தி மறுபுறம் எடுப்பர். அறுவை முழுவதிலும் ஆபத்தான கணம் அதுவே. இதயம் கிழிபட்டு உயிரிழந்தவர்கள் உலகில் உண்டு. அரிது, ஆனால் உண்டு. மருத்துவர் இதனை மறைக்காமல் என்னிடமும் என் மனைவியிடமும் கூறிய பிறகே கையெழுத்து வாங்கினார். கருவி சென்ற வழியே, வில்லாக வளைத்த பட்டையை வளைவு முதுகை நோக்கி இருக்குமாறு இழுத்து வைத்து, பின் ஒரே திருப்பாகத் திருப்புவர். வளைவு முன்பக்கம் வந்து, நெஞ்செலும்பு அந்த நொடியிலேயே மேலே எழும்பும். பட்டையின் முனைகளை விலாவோடு கட்டிவிடுவர். எனக்கு இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அடி நீளம்.

வலியைச் சிறிதாக்கிச் சொன்னால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். 37 ஆண்டுகள் உள்நோக்கி இருந்த எலும்பை ஒரு நொடியில் வெளியே தள்ளினால், விலாக்கள் ஒவ்வொன்றும் அலறும். முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலிமருந்து செலுத்தினர். இப்போது பல இடங்களில் விலா நரம்புகளைக் கடுங்குளிரால் உறையச் செய்து, சில மாதங்களுக்கு மரத்துப் போக வைக்கிறார்கள். வலி பெரிதும் குறைகிறதாம். எனக்கு அது கிட்டவில்லை. தும்மல் வந்தால் கலிமா சொல்லிக்கொள்வேன். மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளை எழுப்ப வேண்டும்; முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை. மல்லாக்கவே படுக்க வேண்டும், கையூன்றி எழலாகாது, உடலை முறுக்கலாகாது, பாரம் தூக்கலாகாது. ஆறு வாரங்கள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதேன். பார்க்க வந்த மாணவர்களுள் ஒரு சுட்டிப் பயல், ‘உஸ்தாத், இனி உங்களைக் காந்தம் இழுக்குமா?’ என்று கேட்டுவிட்டான். சிரித்து நான் பட்ட பாடு அவனுக்குத் தெரியாது.

வளர்ந்தவர்களுக்கு வேறு சில இடர்களும் மிகுதி. இறுகிய எலும்பு திருப்பித் தள்ளுவதால் பட்டை இடம் பெயரலாம். மீண்டும் திறக்க நேரலாம். புண்ணில் சீழ் வைக்கலாம். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு எஃகு ஆகாது. டைட்டானியம் வைக்க வேண்டும், ஆதலால் முன்னரே சோதித்துக்கொள்வது நல்லது. பட்டை உள்ளே இருக்கும் ஆண்டுகளில் மயங்கி விழ நேர்ந்து, யாரேனும் நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்க வேண்டி வந்தால், வழக்கத்தைவிட அழுத்தமாக அமுக்க வேண்டும். மின் அதிர்ச்சித் தகடுகளை முன்னும் பின்னுமாக ஒட்ட வேண்டும். இதனை எழுதிய அட்டை ஒன்று மூன்று ஆண்டுகளும் என் சட்டைப் பையில் இருந்தது. 2018-ல் உம்ராவுக்குச் சென்றபோது விமான நிலையச் சோதனை வாயில் என்னைக் கண்டு ஒலி எழுப்பிற்று. மருத்துவரின் கடிதத்தைக் காட்டி நுழைந்தேன். தவாஃபில் இள்திபா செய்து வலத் தோளைத் திறந்து விடுவது சுன்னத். இளமையில் அதை எண்ணியே ஹஜ்ஜுக் கனவில் ஒரு கூச்சம் இருந்ததுண்டு. அன்று திறந்த மார்போடு ஏழு சுற்றும் சுற்றினேன்.

2019-ல் பட்டைகளை எடுத்தனர். எடுப்பது எளிது என்று எண்ணுவர். அப்போதும் இரத்தப் பெருக்கு நேரக்கூடும், ஆதலால் அதற்கும் முறையான அறுவையரங்கம் வேண்டும். எலும்பு அதன் பின்னும் நின்ற இடத்தில் நிற்கிறது.

பயன் என்ன என்று கேட்பீர்கள். மூச்சளவுச் சோதனையின் எண்கள் பெரிதாக மாறவில்லை. எக்கோவில் வலக் கீழறை விரிந்து நிற்கிறது. 54 படிகளை நில்லாமல் ஏறுகிறேன். பெரிய காரிகளைப் போல் நீண்ட மூச்சு எனக்கு வாய்த்துவிடவில்லை. ஆயினும் 35 வயதில் உடைத்து ஓதிய வசனங்களுள் பலவற்றை இப்போது உடைக்காமல் ஓதுகிறேன். இடப்பக்க விலாவில் உள்ளங்கை அளவு இடம் இன்றும் மரத்திருக்கிறது. இந்த ஒன்றுக்காக அந்த ஒன்றைத் தருவாயா என்று கேட்டால், தருவேன். மற்றொருவர் தர வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

என் ராத்தாவின் மகனுக்கு இப்போது 14 வயது. சென்ற ஆண்டு அவன் நெஞ்சிலும் பள்ளம் தென்பட்டது. ராத்தா என்னிடம் முதலில் கேட்டது, ‘நான் ஏதும் தப்பாகத் தூக்கினேனா தம்பி?’ என்பதே. எக்கோ எடுத்தாயிற்று, இதயம் நன்றாக இருக்கிறது. பெருந்தமனியும் சரியாக உள்ளது. பையன் இன்னும் வளர்வதாலும் மார்பு நெகிழ்வாக இருப்பதாலும் மருத்துவர் அறுவையைப் பற்றி இப்போது பேசவில்லை. நெஞ்சின்மேல் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சி எலும்பை மேலே இழுக்கும் ரப்பர்க் கிண்ணம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். எக்கார்ட் குளோபே என்னும் ஜெர்மன் பொறியாளர், தம் சொந்தக் குழிமார்புக்காகச் செய்துகொண்ட கருவியின் வழி வந்தது அது. எனக்கு அது பயன்பட்டிராது. இறுகிப்போன ஆழ்ந்த மார்பில் பெரும்பாலும் பலிப்பதில்லை. அவனுக்கு காலையும் மாலையும் அரை மணி நேரம். நாளேற நேரத்தைக் கூட்ட வேண்டும். முதல் வாரம் தோல் சிவந்து கன்றிவிட்டது. இப்போது அதை மாட்டிக்கொண்டே பள்ளிப் பாடம் படிக்கிறான். மாதம் ஒரு முறை, பள்ளத்தின் குறுக்கே அடிக்கோலை வைத்து ஆழத்தை அளந்து, ராத்தா சமையலறைக் காலண்டரில் எழுதி வைக்கிறார்கள். தொடங்கும்போது 2.4 சென்டிமீட்டர் இருந்தது. சென்ற மாதத் தாளில் 1.9 என்று எழுதியிருந்தது.